ராணிக்கு ஒரு சீனியர் தேடினோம்

ஹட்டனில் அந்த மண்டபத்தின் நடுவில் ஒரு மேசை கிடந்தது. இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. வெளியில் மழை. வாசலில் குவித்திருந்த குடைகளிலிருந்து தண்ணீர் ஓடிவந்து என் காலடியில் தேங்கியது. காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அடுத்ததாக என் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.

எதிரே சுவர் ஓரமாக என் மகள் ராணி. வெள்ளைச் சேலை. விரலை விரலால் நெரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோபி என்ற பையன். திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம். இரண்டு பேரும் கொழும்புச் சட்டக் கல்லூரியில் ஒன்றாகப் படித்து முடித்தவர்கள்.

கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு குலசேகரம் ஐயா. ஹட்டன் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், பெரிய சட்டத்தரணி. யாழ்ப்பாணத்துக்காரர்.

அந்த ஐயாவிடம் இருந்தது ஒரே ஒரு இடம். அது யாருக்கு என்று அன்றைக்குத் தீரவேண்டும்.

சோதனை முடிந்தும் முடியவில்லை

ராணி கடைசிச் சோதனையில் பாஸ் என்று கேள்விப்பட்டதும் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். லோயராகிவிட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நான் நாலெழுத்து மட்டும் படித்தவள். எனக்கு என்ன தெரியும்? ராணிதான் சொன்னாள், இன்னும் ஆறு மாதம் ஒரு மூத்த லோயரிடம் கூடவே இருந்து வேலை பழக வேண்டும், அவரைத்தான் சீனியர் என்பது, சீனியர் இல்லாவிட்டால் கறுப்புக் கோட்டு இல்லை என்று.

"காலேஜிலேயே ஒருத்தரைப் பாத்துக் குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"நாமதாம்மா தேடணும். சொந்தக்காரங்கள்ல யாராவது லோயரா இருந்தா சுலபம்."

எங்கள் சொந்தத்தில் எல்லாரும் கொழுந்து பறித்தவர்கள், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர்கள். ஒருத்தன் மட்டும் ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலை, அடுப்புக்கு விறகு போட்டான்.

கண்டிக்குப் போனாள். இடம் இல்லை என்றார்கள். நுவரெலியாவில் ஒருவர் வாசலிலேயே நிறுத்தி, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். அப்பா இல்லை என்றாள். அம்மா? தோட்டம் என்றாள். அப்புறம் பார்க்கலாம் என்றார். நானுஓயாவில் ரயிலேறி நின்றுகொண்டே கொழும்புக்கும் போய் வந்தாள். அங்கே ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் ஆறு மாதம் கொழும்பில் தங்க எங்கே இடம், யார் சோறு? அதுவும் விட்டுப்போனது.

வரும்போதெல்லாம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஒன்றும் சொல்லாமல் முகம் கழுவுவாள். நானும் கேட்க மாட்டேன். தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டு வெளியே போய்விடுவேன்.

பூமணி டீச்சர் வகுப்பு

அந்த நாளில்தான் பூமணி டீச்சர் வந்தார். அவரும் யாழ்ப்பாணம். ஹட்டனில் படிப்பித்தார். தோட்டத்துப் பிள்ளைகள் படித்து முடித்துவிட்டு வேலை தேடத் தெரியாமல் முழிக்கிறார்கள் என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டம் படித்த பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துப் பழக்கினார். பெரிய ஆள் முன்னால் எப்படி உட்காருவது, கண்ணைப் பார்த்து எப்படிப் பேசுவது, தன்னைப் பற்றி எப்படிச் சொல்வது.

ராணி வீட்டுக்கு வந்தும் பழகுவாள். கண்ணாடியைப் பார்த்துத் தமிழில் சொல்வாள், பிறகு சிங்களத்தில், பிறகு இங்கிலீசில். லயத்துச் சுவர் மெல்லிசு. பக்கத்துக் காம்பரா, அதாவது பக்கத்து அறை அஞ்சலை அங்கிருந்தே சத்தம் போடுவாள்: "ஏன்டி ராணி, மூணு பாஷையிலயும் அதே பேரத்தானே சொல்ற? ஒரு தடவை சொன்னா பத்தாதா?"

டீச்சர்தான் குலசேகரம் ஐயாவிடம் போய்ப் பேசியிருக்கிறார். ஐயா சொன்னாராம்: "சேட்டிபிக்கேட்டைப் பாத்து நான் ஆள் எடுக்கிறேல்லை. ஒரு கட்சிக்காரர் வந்து முன்னால இருந்தா அவரிட்ட எப்பிடிக் கதை கேக்கினம் எண்டு பாக்கவேணும்."

அதனால் டீச்சர் தோட்டங்களிலிருந்து பெரியவர்கள் சிலரை வரச் சொன்னார். பிள்ளைகள் லோயர் மாதிரி உட்கார்ந்து கேட்பார்கள், நாங்கள் கேசு கொண்டுவந்த ஆட்கள் மாதிரி சொல்ல வேண்டும்.

"பொய்க்கதை வேண்டாம், பாக்கியம் அக்கா. உண்மையா உங்களுக்கு இருக்கிற ஒரு பிரச்சினையைக் கொண்டு வாங்கோ" என்றார்.

என்னிடம் உண்மையாகவே ஒன்று இருந்தது. அதுதான் வம்பு.

யாருக்கும் சொல்லாத விஷயம்

வயதாகிவிட்டது என்று தோட்டத்தில் என் பேரை வெட்டியிருந்தார்கள். பேர் வெட்டுவது என்றால் வேலைப் பதிவிலிருந்து எடுத்துவிடுவது. குடும்பத்தில் ஒருத்தராவது பேர் பதிந்து வேலை செய்தால்தான் லயத்துக் காம்பராவில் இருக்கலாம். என் புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார். மீதி ராணி ஒருத்திதான்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து சொன்னான்: "மகளைப் பேர் பதியச் சொல்லுங்க பாக்கியக்கா. இல்லன்னா மாசக் கடைசியில காம்பராவ விட்டுறணும். மேல இருந்து உத்தரவு."

ராணி அப்போது சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவனிடம் கொஞ்ச காலம் தவணை கேட்டேன், கொடுத்தான். அந்தத் தவணையும் இந்த மாதத்தோடு முடிகிறது. அவள் காதில் விழுந்தால் அன்றைக்கே லோயர் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொள்வாள். அவள் குணம் எனக்குத் தெரியும். என் குணம்தானே.

ஆகவே மண்டபத்துக்கு ஒரு கோழிக் கதையைத் தயார் செய்துகொண்டு போனேன். அதுவும் பொய் இல்லை. அஞ்சலையின் கோழிகள் காம்பராவோடு சேர்ந்த என் மரக்கறித் துண்டு நிலத்தைக் கிண்டுவது ஊருக்கே தெரியும்.

எல்லாவற்றுக்கும் ஆமாங்க

முதலில் வேறொரு பிள்ளை ஓர் ஆளிடம் கேட்டாள். "உங்களை அடிச்சாங்களா?" "ஆமாங்க." "தடியாலயா?" "ஆமாங்க." பிள்ளைக்குச் சந்தோசம், விறுவிறு என்று எழுதினாள்.

குலசேகரம் ஐயா பின்னாலிருந்து எழுந்து வந்தார். "ஐயா, உங்களை ஒருத்தரும் அடிக்கேல்லைத்தானே?" என்று அந்த ஆளிடம் கேட்டார்.

"ஆமாங்க" என்றார் அவர்.

மண்டபம் சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. "கோட்டில இப்பிடித்தான் கழுத்தை முறிப்பினம். இது அவற்ற பிழை இல்லை. கேட்ட ஆளின்ற பிழை" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் யார் இருந்தாலும் ஆமாங்கதான். தோட்டத்துத் தொரை கேட்டாலும், பொலிசு கேட்டாலும், ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கே வலி என்று கேட்டாலும் ஆமாங்க. இல்லை என்று சொன்னால் கேட்டவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் நம் மேலேதான் விழும்.

நான் அப்படிப் பழகவில்லை. குமரியாக இருந்தபோது ஒரு கண்டாக்கு, மலையில் வேலை மேற்பார்க்கிற ஐயா, எங்கள் வரிசையை நிறுத்தி, நேற்று கொழுந்து நிரையைச் சரியாக எடுக்காமல் ஓடிவிட்டீர்கள்தானே என்றார். எல்லாரும் ஆமாங்க என்றார்கள். நான் இல்லை என்றேன். அந்த வாரம் முழுக்க என்னை அட்டை மொய்க்கிற செங்குத்து மலைக்கு அனுப்பினார். போய் எடுத்தேன். அந்தக் கதை லயத்தில் ராணி பிறப்பதற்கு முன்பே இருந்தது. அவள் அதைக் கேட்டு வளர்ந்தவள்.

மீதி இருந்த கோபிக்கும் ராணிக்கும் இப்போது சீட்டுக் குலுக்கி ஆள் பிரித்தார்கள். நான் கோபிக்கு விழுந்தேன்.

கோழிக் கதை

"வாங்கம்மா, உக்காருங்க. என்ன விஷயமா வந்தீங்க?"

"பக்கத்துக் காம்பராக் கோழிங்க வந்து என் லீக்ஸ் நாத்தைக் கிண்டிப் போடுதுங்க."

"யாரு கோழி?"

"அஞ்சலை கோழி."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். கோழிக்கு நான் என்ன பள்ளிக்கூடமா நடத்துறேன்னு கேட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். கோபியும் சிரித்தான். பிறகு தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தான். "இந்தக் கோழிக்காகவா மழையில இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஆமாங்க."

"அஞ்சலை மேல வழக்குப் போடணுமா?"

"ஆமாங்க."

"இல்ல, சமாதானமாப் போயிரலாமா?"

"ஆமாங்க."

சுவர் ஓரத்தில் ராணி தலையை நிமிர்த்தினாள். என் வாயிலிருந்து அப்படி வரிசையாக ஆமாங்க வந்து அவள் கேட்டதே இல்லை. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பின் வரிசையில் ஐயா தொண்டையைச் செருமினார். கோபியின் காது சிவந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்தான். திரும்ப எடுத்தான்.

"சரிம்மா. வழக்குன்னா மொதல்ல அந்தத் துண்டு உங்களோடதுன்னு காட்டணும். காம்பராவோட சேர்ந்த துண்டுதானே? அந்தக் காம்பரா இப்ப யாரு பேருல இருக்கு?"

அவன் தெரிந்து கேட்கவில்லை. ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டான். அதற்கு ஆமாங்க என்று சொல்ல முடியாது. என் பேரில் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் புருசனோடு குடி வந்த வீட்டை, பிள்ளை பெற்ற வீட்டைப் பற்றி, இத்தனை பேர் முன்னால் நானே ஒரு பொய்யைச் சொல்வதா?

"யார் பேருலயும் இல்ல தம்பி" என்றேன். "என் பேர வெட்டியாச்சு. மாசக் கடைசியில எறங்கச் சொல்லிட்டாங்க."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"வீட்டுல வேற யாராச்சும் பேர் பதிஞ்சா இருக்கலாமா?"

"இருக்கலாமாம். எனக்கு ஒரே மக."

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"இப்ப தெரிஞ்சிருக்கும்."

கோபி ராணி பக்கம் திரும்பவே இல்லை. நல்ல பிள்ளை. குரலை இறக்கி, "உங்களுக்கு என்ன வேணும்மா?" என்றான்.

"மக அவ வேலையப் பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

எழுந்து என் இடத்துக்கு வந்தேன். ராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்தையா தாத்தா

அடுத்து அவள்தான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். எழுந்து வெளியே போய்விடுவாளோ என்று நான் வாசலையே பார்த்தேன்.

அவளுக்கு விழுந்தவர் முத்தையா என்ற கிழவர். நல்லதண்ணியில் ஒரு தோட்டம். மலை ஊற்றுப் பீலியிலிருந்து வருகிற தண்ணீரை யாரோ திருப்பிவிட்டார்கள், வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை, அதுதான் அவர் கேசு.

"தண்ணியத் திருப்பினது பக்கத்து வீட்டுக்காரரா, தாத்தா?"

"ஆமாங்க."

"இல்ல, தோட்டத்து ஆளுங்களா?"

"ஆமாங்க."

ஐயா நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். ராணி இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டாள்.

"தாத்தா, நீங்க பொம்பளையா?"

"ஆமாங்க."

சிரிப்பில் மண்டபமே இடிந்து விழுந்தது. கிழவர் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"அடி போடி இவளே. நான் பேரன் பேத்தி எடுத்தவன்."

"அப்போ பொம்பளை இல்லையா?"

"இல்ல தாயி, இல்ல."

"இல்லன்னு சொல்லத் தெரியுதே உங்களுக்கு."

"தெரியும். கேக்கிறவங்களுக்கு அது புடிக்காது."

"எனக்குப் புடிக்கும். நான் தப்பாக் கேட்டா இல்லன்னு சொல்லுங்க. பக்கத்து வீட்டுக்காரரா திருப்பினாரு?"

"இல்ல."

"தோட்டத்து ஆளுங்களா?"

"இல்ல."

"பின்ன யாரு தாத்தா?"

கிழவர் துண்டை மடியில் வைத்தார். சிரிப்பு போய்விட்டது. "என் மகன்தான். மருமக சொல்லித் திருப்பிட்டான். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவர் தானாகவே பேசினார். ராணி ஒரு வார்த்தை குறுக்கே போடவில்லை.

ஐயா சொன்ன முடிவு

முடிந்ததும் குலசேகரம் ஐயா முன்னால் வந்தார்.

"தம்பி, நீர் கேட்ட கேள்வி நல்ல கேள்விதான். ஆனா அது தற்செயலா விழுந்தது" என்று கோபியிடம் சொன்னார். பிறகு ராணியைப் பார்த்தார். "பிள்ளை, நாளைக்குக் காலமை எட்டரைக்குக் கோட்டடிக்கு வாரும். சரியோ?"

பூமணி டீச்சர் கையைத் தட்டுவதற்குத் தூக்கிவிட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன் ஐயா" என்றாள் ராணி.

டீச்சரின் கை அப்படியே நின்றது. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அவளை.

"எட்டரை வரைக்கும் யோசியும். நீர் வராட்டி தம்பியை எடுப்பன்."

பஸ்ஸில்

ஜன்னலையெல்லாம் மூடியிருந்தார்கள். பஸ் உள்ளே ஈரத்துணி வாடையும் யாரோ கொண்டுபோன கருவாட்டு வாடையும். மல்லியப்பூச் சந்தி தாண்டியதும் ராணி கேட்டாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"அப்ப நீ படிச்சுக்கிட்டிருந்த."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்ப?"

"இப்ப செய்யப்போறதத்தான். காலையில போய்ப் பேர் பதியிறேன். கொழுந்தெடுத்தா செத்தா போயிருவேன்? சீனியரை அடுத்த வருசம் தேடிக்கலாம்."

"பேர் பதிஞ்சவ யாரு அடுத்த வருசம் மலைய விட்டு எறங்கியிருக்கா? ஒருத்தியச் சொல்லு."

"உன்னை ரோட்டுல விட்டுட்டுக் கோட்டுல போய் நான் யாருக்கு நியாயம் கேக்கிறது?"

"என்னை யாருடி ரோட்டுல விட்டா? கொட்டகலையில என் தங்கச்சி இல்லையா?"

ராணி என் பக்கம் முழுசாகத் திரும்பினாள். "சித்தி வீட்டுக்கா? தாத்தா சாவுலகூட நீ சித்திகிட்டப் பேசல. நீ போய் அவ வாசல்ல நிப்பியா?"

"நிப்பேன்."

"நிக்க மாட்ட. எனக்குத் தெரியாதா உன்னை?"

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். இருவரும் சத்தத்தைக் குறைத்தோம்.

"காலையில பெரட்டுக்குப் போய்ப் பேர் பதியத்தான் போறேன். இதுக்கு மேல பேச்சில்ல" என்றாள். பேச்சு இருக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தோம்.

பெரட்டுக் களத்தில்

விடிந்ததும் விடியாததுமாக மடுவத்தில், கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், ஆட்கள் கூடுவார்கள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று பிரிப்பான். அதுதான் பெரட்டு. பேர் வெட்டிய பிறகு நான் அங்கே போனதில்லை. அன்றைக்கு ராணி எழும்புவதற்கு முன்னால் போனேன். பனிமூட்டம். ஆள் முகம் பக்கத்தில் வந்தால்தான் தெரிந்தது.

"என்னக்கா, என் கோழியப் பத்திப் பிராது குடுக்க வந்தியா?" என்றாள் அஞ்சலை. செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

நான் நேரே கணக்கப்பிள்ளையிடம் போய்ப் பூட்டுச் சாவியை அவன் முன்னால் வைத்தேன்.

"காம்பராவ விட்டுட்டேன். பொழுதுக்குள்ள சாமான எடுத்துருவேன்."

அவன் சாவியைத் தொடவில்லை. "இன்னும் நாள் இருக்கே பாக்கியக்கா. எதுக்கு அவசரம்? யூனியன் தலைவரை வெச்சுப் பேசிப் பாப்போம்."

"ஒண்ணும் பேச வேணாம். நானா விடுறேன். எல்லாரும் கேட்டுக்குங்க."

சத்தமாகச் சொன்னேன். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன். பின்னாளில் ராணி லோயரான பிறகு, நீயாக விடாமல் இருந்திருந்தால் அதில் ஒரு வழி இருந்தது, கையில் இருந்த கேசைக் கொடுத்துவிட்டாய் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இருக்கட்டும். அந்தக் காலையில் எனக்கு வேண்டியிருந்தது அந்த வழி இல்லை.

சாவி அவன் கைக்குப் போகும்போது ராணி வந்துவிட்டாள். என் பழைய படங்கை இடுப்பில் சுற்றியிருந்தாள். கொழுந்தெடுக்கும்போது ஈரம் படாமல் கட்டுகிற முரட்டுச் சீலை. பழக்கமில்லாத கை, முடிச்சு கோணலாக விழுந்திருந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது.

"பேர் பதிய வந்தேன்" என்றாள் கணக்கப்பிள்ளையிடம்.

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இப்பத்தான் தங்கச்சி, உங்கம்மா காம்பராவத் திருப்பிக் குடுத்தாங்க. தோட்டத்துல குடியில்லாத ஆளை நான் எப்படிப் பதியிறது? எனக்கு உத்தரவு இல்லையே."

"யாரக் கேட்டுக் குடுத்த?" இது என்னிடம்.

"என் காம்பரா. நான் யாரக் கேக்கணும்?"

ராணி படங்கின் முடிச்சை இழுத்தாள், அவிழவில்லை. இன்னும் இழுத்தாள். அஞ்சலை வந்து அவிழ்த்துவிட்டாள். அதை என் காலடியில் போட்டுவிட்டு லயத்துப் பக்கம் நடந்தாள்.

நான் ரோட்டுக்குப் போய் நின்றேன். அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது. ஹட்டன் பஸ் அங்கே அதிக நேரம் நிற்காது. வளைவில் அதன் விளக்கு மூட்டத்துக்குள் மஞ்சளாகத் தெரிந்தபோதுதான் அவளும் தெரிந்தாள். வெள்ளைச் சேலை, கையில் பை. என்னைத் தாண்டிப் போனாள். முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ் வாசலில் தொங்கிக்கொண்டிருந்த பையன், "கொஹெத யன்னே, நங்கி?" என்று எங்கே போவதென்று சிங்களத்தில் கேட்டான்.

நீதிமன்றத்துக்கு என்று அவளும் சிங்களத்திலேயே சொல்லி ஏறினாள்.

பஸ் போன பிறகு மடுவத்துக்குத் திரும்பினேன். படங்கை எடுத்து உதறி, மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு, கொட்டகலைக்குச் சாமான் கட்டப் போனேன்.